அரசின் படைக்கலமும் குடிமகனின் உடைமையும்: எம்-1 கார்பைன் துப்பாக்கியின் வரலாறு

முன்னுரை

ஏடுகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் வரலாற்றாய்வில் உள்ள இடம், மனிதர் செய்து கையாண்ட பொருள்களுக்கும் உண்டு. பானை ஓடும் காசும் ஒரு காலத்தின் வாழ்வைக் காட்டுவதுபோல், இருபதாம் நூற்றாண்டின் ஆலைப் பொருள்களும் தம் காலத்தின் எண்ணங்களைச் சுமந்து நிற்கின்றன. அவ்வகையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1941ஆம் ஆண்டு படைத்துறைக்கென உருவாக்கப்பட்டுப் பின்னர்ச் சாதாரணக் குடிமக்களின் வீடுகளை அடைந்த எம்-1 கார்பைன் என்னும் துப்பாக்கியை இக்கட்டுரை ஆராய்கிறது. எடை குறைந்ததும், குறுகிய நீளமுடையதும், எளிய விலையில் கிடைத்ததுமான அரைத்தானியங்கித் துப்பாக்கி என்ற நிலையில் அது அந்நாட்டு மக்களிடையே பரவியது. அம்மலிவு எவ்வாறு தோன்றியது, யாருக்குக் கிடைத்தது, எப்போது மறைந்தது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள். மலிவு என்பது ஒரு பொருளின் இயல்பன்று. அரசின் செயல்களால் ஆக்கப்பட்டு, அரசின் செயல்களாலேயே நீக்கப்படுவது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

பெயரும் வகையும்

கார்பைன் என்னும் சொல் பிரெஞ்சு மொழியில் குதிரைவீரர் ஏந்திய குறுந்துப்பாக்கியைக் குறித்த சொல்லின் வழிவந்தது. குதிரை மேலிருந்து கையாளுவதற்கு நீண்ட குழல் இடையூறாக இருந்தமையால் குழலைக் குறுக்கினர். இந்தியாவில் காவல்துறையினரும் படையினரும் கார்பைன் எனச் சுட்டுவது பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் தானியங்கிப் படைக்கலத்தை. இக்கட்டுரையில் பேசப்படும் கார்பைன் அதனின் வேறானது.

தானியங்கி, அரைத்தானியங்கி ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாட்டையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தானியங்கியில் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் குண்டுகள் தொடர்ந்து வெளிப்படும். அரைத்தானியங்கியில் விசையை ஒருமுறை அழுத்த ஒரு குண்டே வெளிப்படும். ஆனால் வெற்றுத் தோட்டாவை வெளித்தள்ளுவதையும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதையும் துப்பாக்கியே செய்துகொள்ளும். இவ்வேறுபாடு பொறியியல் சார்ந்தது மட்டுமன்று. பின்னாளில் சட்டத்தின் எல்லைக்கோடும் இதுவே ஆயிற்று.

தேவையும் தோற்றமும்

1930களின் இறுதியில் அமெரிக்கப் படைத்துறையினர் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கியான எம்-1 கேரண்ட் ஏறத்தாழ 4.3 கிலோ எடையுடையது. போரிடுவதை முதற்பணியாகக் கொண்டோர்க்கு அது பொருந்தியது. ஆனால் பீரங்கி இயக்குவோர், வானொலிக் கருவி சுமப்போர், வண்டி ஓட்டுவோர், வழங்கல் பிரிவினர், அலுவலர் ஆகியோருக்கு வேறு பணிகள் இருந்தன. அவர்களுக்கு அளிக்கப்பட்ட கைத்துப்பாக்கியோ, நெடும்பயிற்சி இல்லாதவர் கையில் சில பத்து மீட்டருக்கு அப்பால் பயன்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, 5 பவுண்டு எடையளவில் 300 கெஜம் வரை குறிதவறாது சுடவல்ல ஒரு துப்பாக்கி வேண்டும் என 1940ஆம் ஆண்டு வரையறை வகுக்கப்பட்டது.

வின்செஸ்டர் நிறுவனம் தனது பழைய வேட்டைத் தோட்டா ஒன்றை அடிப்படையாகக் கொண்டு .30 அங்குல விட்டமுடைய புதிய தோட்டாவை உருவாக்கியது. 1941ஆம் ஆண்டு நடைபெற்ற போட்டித் தேர்வுகளின் முடிவில் அந்நிறுவனத்தின் வடிவமே ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 90 செ.மீ. நீளம், 18 அங்குலக் குழல், 2.4 கிலோ எடை, 15 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் ஆகியவை அதன் கூறுகள். வான்குடை வீரர்க்கென மடக்கத்தக்க அடிக்கட்டையுடன் எம்-1ஏ1 என்ற வடிவமும், போரின் இறுதிக்கட்டத்தில் தானியங்கியாகவும் சுடவல்ல எம்-2 என்ற வடிவமும் தோன்றின.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இத்துப்பாக்கி தேர்ந்த வீரருக்காக எண்ணப்பட்டதன்று. துப்பாக்கியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளாதவருக்காக எண்ணப்பட்டது. எளிதில் சுமக்கவும் குறைந்த பயிற்சியில் கையாளவும் தக்கதாக அது அமைந்தது. பின்னாளில் பொதுமக்கள் அதனை விரும்பியமைக்கான காரணம் இத்தோற்றத்திலேயே அடங்கியுள்ளது எனலாம்.

தனியொருவர் புகழும் கூட்டுழைப்பும்

இத்துப்பாக்கியின் ஆக்கியோன் யார் என்ற வினாவுக்கு மக்கள் வழக்கு ஒரே விடையைத் தருகிறது: டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வட கரோலினாவைச் சேர்ந்த அவர், 1921ஆம் ஆண்டு கள்ளச்சாராயச் சோதனையின்போது காவல் அலுவலர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபோதே துப்பாக்கி இயக்கமுறைகளைப் பற்றிச் சிந்தித்தார், 1929இல் விடுதலையானார். அவர் வாழ்க்கையை வைத்து 1952ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த திரைப்படமும் வெளிவந்தது. அதன்பின் கார்பைன் முழுவதும் அவர் படைப்பே என்ற எண்ணம் நிலைபெற்றது.

வரலாற்றுச் சான்றுகள் வேறு நிலையைக் காட்டுகின்றன. குண்டின் பின்னெழும் வாயுவில் ஒரு பகுதியைப் பயன்படுத்திச் சிறு உந்துதண்டை மிகக் குறுகிய தொலைவு மட்டும் அசையச் செய்யும் நுட்பம் வில்லியம்ஸுடையது. எடைக் குறைப்புக்கு அது இன்றியமையாத பங்களித்தது. ஆனால் கார்பைனின் முன்மாதிரியை மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கியவர்கள் வின்செஸ்டரின் பொறியாளர் குழுவினர். 1939இல் மறைந்த ஜோனத்தன் பிரௌனிங் விட்டுச்சென்ற துப்பாக்கி வடிவமும் அதன் பின்னணியில் இருந்தது. பல தலைமுறைப் புலவர்களின் ஆக்கம் ஒரு பெயரின் கீழ்த் தொகுக்கப்படுவதைத் தமிழிலக்கிய வரலாறு நன்கறியும். ஆலைப் பொருளின் வரலாற்றிலும் அதே போக்கு நிகழ்வதை இங்குக் காண்கிறோம்.

ஆலைகளும் எண்ணிக்கையும்

1942 முதல் 1945 வரையிலான காலத்தில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்கள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா செய்த படைத்துப்பாக்கிகளுள் எண்ணிக்கையால் முதலிடம் பெற்றது இதுவே. இவற்றைச் செய்தவருள் துப்பாக்கித் தொழிலில் முன்பே இருந்த பெருநிறுவனம் வின்செஸ்டர் ஒன்றே. மிகுதியாகச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் இன்லண்ட் பிரிவு. தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட், கணக்கிடும் பொறிகள் செய்த ஐ.பி.எம்., அஞ்சல் முத்திரைப் பொறி செய்த நேஷனல் போஸ்டல் மீட்டர், காசிட்டால் பாடும் இசைப்பெட்டிகள் செய்த ராக்-ஓலா ஆகியனவும் இப்பணியில் ஈடுபட்டன.

ஒரு நிறுவனத்தின் உறுப்பு மற்றொன்றின் துப்பாக்கியில் பொருந்தவேண்டும் என்பது அரசின் கட்டாய விதி. அதனால் உறுப்புகள் பல ஆலைகளிடையே பரிமாறப்பட்டன. ஒவ்வோர் உறுப்பின் மீதும் செய்தவரைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஒரு கார்பைனுக்கு அரசு செலுத்திய விலை ஏறத்தாழ 45 டாலர் எனக் கூறப்படுகிறது. கேரண்டின் விலை ஏறத்தாழ அதனினும் இருமடங்கு. ஆகவே கார்பைனின் மலிவுக்கு முதற்காரணம் போர்க்கால அரசு தன் கருவூலப் பணத்தில் நடத்திய பெருந்தொகை உற்பத்தியே ஆகும்.

இருபது டாலர்

அமெரிக்கக் குடிமக்களுக்குக் குறிசுடுதலைக் கற்பிப்பது நாட்டின் பாதுகாப்புக்கு உதவும் என்ற எண்ணம் பழமையானது. படைவீரரின் குறிதவறும் நிலை கண்டு வருந்திய அலுவலர்கள் 1871இல் தேசியத் துப்பாக்கிக் கழகத்தை நிறுவினர். 1903இல் துப்பாக்கிப் பயிற்சியை வளர்ப்பதற்கான தேசிய வாரியத்தைச் சட்டமன்றம் ஏற்படுத்தியது. 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் குடிமக்கள் குறிசுடுதலுக்கென ஓர் இயக்குநரைப் படைத்துறையில் அமர்த்தியது. படைக்கு மிகையான துப்பாக்கிகளை இவ்வலுவலகத்தின் வழியாகக் குடிமக்கள் வாங்க முடிந்தது.

1963இல் இவ்வலுவலகம் கார்பைன்களைத் தேசியத் துப்பாக்கிக் கழக உறுப்பினர்க்கு விற்கத் தொடங்கியது. அனுப்பும் செலவு உட்பட விலை 20 டாலர். அவ்வாண்டின் செப்டம்பரில் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.25 டாலராக உயர்ந்தது. எனவே மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியும் 16 மணி நேர உழைப்பில், அதாவது இரண்டு நாள் வேலையில், ஒரு படைத்துப்பாக்கியை உடைமையாக்கிக்கொள்ள இயலும். அரசு 45 டாலர் கொடுத்து வாங்கியதைப் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றது என்பதும் கருதத்தக்கது. இதனைச் சந்தை விலை எனல் பொருந்தாது. பொதுப்பணத்தால் தாங்கப்பட்ட விலை என்பதே பொருந்தும்.

இம்மலிவு எல்லார்க்கும் பொதுவானதாகவும் இல்லை. தனியார் அமைப்பொன்றின் உறுப்பினராக இருத்தல் அரசு விற்பனைக்கு நிபந்தனையாக இருந்தது. படைத்துப்பாக்கி விற்பனையில் இத்தகைய நிபந்தனை அரசமைப்புக்கு முரணானது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 1979இல் தீர்ப்பளித்தது. உறுப்பினர் அல்லாதோர் 1960களில் தனியார் நிறுவனங்கள் செய்த நகல் கார்பைன்களை வாங்கினர். புளோரிடாவின் யுனிவர்சல், நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்ட் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தொடக்கத்தில் அந்நகல்களும் படைத்துறை கழித்த உறுப்புகளைப் பெரிதும் சார்ந்தே செய்யப்பட்டன.

சுடுவோர் கண்ட பண்புகள்

கார்பைனின் குண்டு ஏறத்தாழ 7 கிராம் எடையுடையது. நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் விரைவில் செல்வது. கேரண்டின் ஆற்றலோடு ஒப்பிட, இதன் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும். அதனால் தோளைத் தாக்கும் பின்னுதைப்பு மிகக் குறைவு. இளையோரும் முதன்முறை சுடுவோரும் அச்சமின்றிப் பழக முடிந்தது. நூறு மீட்டர் அளவிலான இலக்குப் பயிற்சிக்கு அது ஏற்றதாக இருந்தது. தோட்டாவின் அடியில் தீமூட்டும் பொருள் தொடக்கம் முதலே துருப்பிடிக்கச் செய்யாத வகையினதாக அமைந்தமை மற்றொரு நன்மை. உந்துதண்டுப் பகுதியைக் கழற்றித் தூய்மை செய்வது வீரர்க்கு எளிதன்று என்பதால் படைத்துறை இதனை முன்னரே வரையறுத்திருந்தது. அதன் பயனைப் பிற்காலத்து உடைமையாளரும் பெற்றனர்.

குறைகளும் உண்டு. தொடக்ககால வடிவத்தில் காப்புப் பொத்தானும் மேகசினை விடுவிக்கும் பொத்தானும் அடுத்தடுத்து அமைந்தன. பதற்றத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை அழுத்தியவர்கள், சுடவேண்டிய நேரத்தில் மேகசின் கீழே விழக் கண்டனர். பின்னர்க் காப்புப் பொத்தானுக்கு மாற்றாகத் திருப்பும் நெம்பு வைக்கப்பட்டது. கொரியப் போரில் கடுங்குளிரில் இயங்காமை, குண்டின் வலுக்குறைவு ஆகியன பற்றிய முறையீடுகள் எழுந்தன. குடிமக்களிடையிலும், மான் வேட்டைக்கு இது வலுப் போதாதது என்ற கருத்தே நிலவியது. ஆகவே இது வேட்டைக்காரரின் கருவியாக அன்றி, இலக்குப் பயிற்சிக்கும் வீட்டுக் காவலுக்கும் உரிய கருவியாகவே நிலைபெற்றது எனலாம்.

அச்சமும் சட்டமும்

கார்பைன் 20 டாலருக்கு விற்கப்பட்ட அதே 1963ஆம் ஆண்டின் நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டார். அதற்குப் பயன்பட்டது கார்பைன் அன்று. இத்தாலியப் படை கழித்த கார்கானோ துப்பாக்கி. சிகாகோ வணிகரிடமிருந்து அஞ்சல் வழியாகப் பொய்ப்பெயரில் வாங்கப்பட்ட அதன் விலை, தொலைநோக்கியுடன், அஞ்சல் செலவு நீங்கலாக, 19.95 டாலர். இவ்விரு விலைகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தமை தற்செயலே எனினும், மலிவான படைத்துப்பாக்கி என்ற ஒன்றே அரசின் பார்வையில் இருபொருள் படத் தொடங்கிய காலம் அது என்பதை அறியமுடிகிறது.

பொருள் ஒன்றாக இருப்பினும் ஏந்தியவர் மாறும்போது பொருட்பேறு மாறும் என்பதற்கு 1964ஆம் ஆண்டு சான்றாகிறது. தம் வீட்டுச் சன்னல் திரையை விலக்கி வெளியே நோக்கும் மால்கம் எக்ஸின் ஒளிப்படம் அவ்வாண்டு எபனி இதழில் வெளிவந்தது. அவர் கையிலிருந்தது எம்-1 கார்பைன். கொலை மிரட்டலுக்கு ஆளான ஒருவர் தம் குடும்பத்தைக் காக்க நின்ற நிலை அது. அரசு உறுப்பினர்க்கு விற்ற படைக்கலத்தின் வகையே, அரசின் காவலை நம்ப இயலாதவர் கையிலும் இருந்தது. மறுபுறம், 1966ஆம் ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து பலரைச் சுட்டுக்கொன்றவன் கொண்டுசென்ற படைக்கலங்களுள் அன்று காலையில் வாங்கிய நகல் கார்பைனும் ஒன்று. தற்காப்பு, கொலை ஆகிய இரண்டும் ஒரே பொருளின் வரலாற்றில் இரண்டாண்டு இடைவெளியில் பதிவாகியுள்ளன.

1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பின்னர், அவ்வாண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மாநிலம் கடந்து அஞ்சல் வழியாகத் தனியார்க்குத் துப்பாக்கி விற்பதை அது தடுத்தது. அயல்நாட்டுப் படைகள் கழித்த துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. மலிவின் இரு ஊற்றுக்கண்கள் இவ்வாறு அடைபட்டன.

சட்டம் எல்லை வகுத்த முறையும் ஆராயத்தக்கது. 1934ஆம் ஆண்டின் தேசியப் படைக்கலச் சட்டப்படி, தானியங்கியாகவும் சுடும் எம்-2 கடுங்கட்டுப்பாட்டுக்கு உரியது. தோற்றத்தில் ஏறத்தாழ அதனையே ஒத்த எம்-1 சாதாரணத் துப்பாக்கி. இயக்கத்தை அளவுகோலாகக் கொண்ட பாகுபாடு அது. 1994ஆம் ஆண்டு அரைத்தானியங்கித் தாக்குதல் துப்பாக்கிகளைத் தடைசெய்த சட்டமோ வடிவத்தையும் அளவுகோலாக்கியது. தனிக் கைப்பிடி, மடங்கும் அடிக்கட்டை போன்ற உறுப்புகள் அதில் கணக்கிடப்பட்டன. மரக்கட்டையுடன் வேட்டைத் துப்பாக்கி போலத் தோன்றிய ஐவர் ஜான்சன் நிறுவனத்தின் எம்-1 கார்பைன், விலக்களிக்கப்பட்டவற்றின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. போருக்கெனவே பிறந்த துப்பாக்கி, தோற்றத்தால் குடிமக்கள் துப்பாக்கியாகக் கொள்ளப்பட்டது. அச்சட்டம் 2004இல் காலாவதியாயிற்று.

பாடபேதமும் திருத்தமும்

இன்று எஞ்சியுள்ள கார்பைன்களை ஆராய்வோர் எதிர்கொள்ளும் சிக்கல், சுவடிப் பதிப்பாசிரியர் அறிந்த சிக்கலே. போருக்குப்பின் படைக்கலச் சாலைகள் பெரும்பாலான கார்பைன்களைப் பிரித்துச் செப்பனிட்டன. 150, 300 கெஜங்களுக்கெனத் திருப்பும் பழைய பின்குறிகாணிக்கு மாற்றாகச் சரிசெய்யத்தக்க குறிகாணியும், முனையில் துப்பாக்கிக் கத்தி பொருத்தும் பட்டையும், புதிய காப்பு நெம்பும் இணைக்கப்பட்டன. உறுப்புகள் குவியலிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டமையால் ஒரு துப்பாக்கியிலேயே நான்கைந்து ஆலைகளின் குறிகள் காணப்படலாயின.

சேகரிப்போர் சிலர் இதனைக் குறையாகக் கருதி, ஒரே ஆலையின் உறுப்புகளைத் தேடிப் பொருத்தி, அதனை ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு மீட்டதாகக் கொள்கின்றனர். மூலபாடத்தைத் தேடும் ஆர்வத்தில் பிற்காலத் திருத்தங்களை நீக்கிய பதிப்பாசிரியரின் செயலை இது ஒக்கும். ஆனால் ஐரோப்பாவிலும் கொரியாவிலும் பயன்பட்டுச் செப்பனிடும் சாலை கண்டு திரும்பிய வரலாறு அந்தக் கலப்பிலேதான் பதிவாகியிருந்தது. திருத்தம் நேர்த்தியாக அமையும்போது சான்று அழிகிறது. கலப்புற்ற துப்பாக்கியே உண்மையான வரலாற்று ஆவணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்திய நிலையோடு ஓர் ஒப்பீடு

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் படைக்கலம் ஏந்துதலைத் தனிமனித உரிமையாகக் காக்கிறது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஐரோப்பியர்க்கு விலக்களித்து இந்தியரை உரிமத்துக்கு உட்படுத்தியது. விடுதலைக்குப்பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேற்றுமையை ஒழித்தாலும் உரிமமுறையைத் தொடர்ந்தது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. படைத்துறைத் தோட்டாவைச் சுடவல்ல அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் பொதுவாகத் தனியார் உரிமத்துக்கு அப்பாற்பட்டவை. இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலை குடிமக்களுக்கெனச் செய்த .315 துப்பாக்கி, படையின் .303 தோட்டாவை ஏற்காத வேறு தோட்டாவுக்கு உரியது. படைக்கும் குடிக்கும் இடையே இந்திய அரசு தோட்டாவின் அளவாலேயே வேலியிட்டது. அமெரிக்க அரசோ படைத்துப்பாக்கியையே குடிமகன் கையில் கொடுத்தது. இரண்டும் குடிமகனைப் பற்றிய இருவேறு எண்ணங்களின் விளைவுகள்.

முடிவுரை

குறிசுடுதல் திட்டம் 1996இல் அரசிடமிருந்து தனி நிறுவனத்துக்கு மாறியது. இத்தாலிக்கு முன்பு வழங்கப்பட்டுத் திரும்பிய கார்பைன்களை அது 2007 முதல் விற்றது, அவையும் தீர்ந்தன. அயல்நாடுகளுக்கு அமெரிக்கா அளித்த படைத்துப்பாக்கிகளைத் தனியார் மீண்டும் கொண்டுவரும் கோரிக்கைகளை மறுக்கும் கொள்கையை வெள்ளை மாளிகை 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது. இன்று நல்ல நிலையிலுள்ள போர்க்கால கார்பைன் ஒன்றின் விலை ஆயிரம் டாலரைக் கடக்கிறது. இரண்டு நாள் கூலிக்குக் கிடைத்தது, இன்று சேகரிப்போரின் அரும்பொருளாகியுள்ளது.

போர்க்கால உற்பத்தி, மிகைப்பொருள் விற்பனை, அஞ்சல் வணிகம் என்ற மூன்றும் கூடியபோது மலிவு பிறந்தது. அவை ஒவ்வொன்றாக நின்றபோது மலிவும் நின்றது. ஆகவே துப்பாக்கி உடைமை என்பது குடிமகனின் தனிவிருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. அதனை ஆக்கியதிலும் பரப்பியதிலும் பின்னர் அஞ்சியதிலும் அரசு உடன்நின்றது. குடிமக்கள் கையிலுள்ள படைக்கலங்களைப் பற்றி இன்று எழும் விவாதங்களில் அரசு நடுநின்ற தீர்ப்பாளராக மட்டுமே காட்டப்படுகிறது. எம்-1 கார்பைனின் வரலாறோ, அவ்வழக்கில் அரசும் ஒரு தரப்பே என்பதைப் புலப்படுத்துகிறது.